உங்க பாப்பா என்னங்க படிக்குது

எங்கள் பக்கத்தில் யார் சொல்லும் யோசனையையும் யாரும் சும்மா ஏற்றுக்கொள்வதில்லை. தென்னங்கன்று விற்பவர் ஒரு ரகத்தைப் புகழ்ந்து பேசினால், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க தோட்டத்துலயும் இதைத்தான் வெச்சிருக்கறீங்களா?" என்று ஒரு கேள்வி வரும். அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும் என்று சொல்லும் டாக்டரிடம், "உங்க ஊட்டு ஆளா இருந்தாலும் இதைத்தான் பண்ணுவீங்களா சார்?" என்று கேட்பார்கள். குரலில் மரியாதை கொஞ்சமும் குறையாது. ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு 'ங்க' இருக்கும். ஆனால் அந்தக் கேள்விக்கு என்ன பதில் வருகிறதோ அது ஒன்றுதான் மனதில் நிற்கும். மற்றதெல்லாம் காற்றோடு போய்விடும்.

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் கோயம்புத்தூரில் வரிசையாக நடக்கும் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளில் இதே கேள்வி வேறு உருவத்தில் வரும். "உங்க பசங்க என்னங்க படிக்கிறாங்க?" பொறியியல் பேச வந்த பேராசிரியரிடம் கேட்பார்கள், ஆடிட்டரிடம் கேட்பார்கள், யாரையும் விடமாட்டார்கள். ஒரு வருடம் வேளாண்மைப் படிப்பின் அருமை பெருமைகளை அடுக்கிக்கொண்டே போனவர், தன் மகன் மருத்துவம் படிப்பதாகச் சொல்லிவிட்டார். மண்டபமே சிரித்தது. அதற்குப் பிறகு அவர் பேசியதை நான் ஒருத்திதான் குறிப்பெடுத்தேன். அதுவும் மறுநாள் பக்கத்தை நிரப்பியாக வேண்டுமே என்பதற்காக.

நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியர். இணைப்பிதழ்கள் என் பொறுப்பு. தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, கோடையில் கல்வி மலர். மற்றவர்கள் வீட்டில் பலகாரம் சுடும் நேரத்தில் நான் பலகாரம் சுடுவது எப்படி என்ற கட்டுரைக்குத் தலைப்பு வைத்துக்கொண்டிருப்பேன். கல்வி மலருக்காக உலகத்தில் இருக்கும் அத்தனை படிப்புகளைப் பற்றியும் எழுதியாகிவிட்டது. கப்பல் பொறியியல், காலணி வடிவமைப்பு, தடய அறிவியல், உணவுப் பதப்படுத்தல் என்று எனக்குச் சம்பந்தமில்லாத எல்லாவற்றுக்கும் நான் வழிகாட்டி. இதழியலுக்கு மட்டும் பக்கத்தின் கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி. 'எழுத்தார்வமும் சமூக அக்கறையும் கொண்டவர்களுக்கு ஏற்ற துறை' என்ற ஒரே வாக்கியத்தை வருடா வருடம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். விளம்பரம் வராத படிப்புக்கு அதற்கு மேல் இடம் கிடைக்காது.

என் மகள் அந்தப் பெட்டியைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"ஜர்னலிசம் படிக்கிறேம்மா."

"வேண்டாம் கண்ணு."

"நீ மட்டும் அதுலதானே இருக்கே?"

"அதனாலதான் சொல்றேன்."

இந்த நான்கு வாக்கியங்களை நாங்கள் இட்லி ஊற்றும்போதும், துணி மடிக்கும்போதும், ஸ்கூட்டரில் போகும்போதும் பேசியிருக்கிறோம். அவள் அப்பா பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருக்கிறார். இதில் அவர் நடுவில் வரவில்லை. "அது உங்க டிபார்ட்மெண்ட், நீங்களே பேசி முடிங்க" என்று டிவி பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் கம்பெனியில் ஒரு வால்வு வாங்குவதற்குக்கூட இதைவிட அதிகம் விசாரிப்பார்.

நான் சொன்ன காரணங்களில் எதுவும் பொய்யில்லை. கோபிசெட்டிபாளையத்திலிருந்து தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, இதழியலில் தபால்வழிப் பட்டயமும் முடித்துவிட்டு இந்த நகரத்துக்கு வந்தபோது எனக்கும் பெரிய ஆசைகள் இருந்தன. ஊழலை வெளியே கொண்டுவருவேன், ஆற்றில் சாயத்தண்ணீர் விடுகிறவர்களைச் சந்தி சிரிக்க வைப்பேன் என்றெல்லாம். சில வருடம் கொஞ்சம் செய்யவும் செய்தேன். பிறகு பிள்ளை பிறந்தது, செய்தியாளர் வேலையிலிருந்து மேசை வேலைக்கு மாறினேன், மேசையிலிருந்து இணைப்பிதழுக்கு வந்தேன். கொரோனா வந்தபோது பக்கங்கள் குறைந்தன. பக்கங்களோடு ஆட்களும் குறைந்தார்கள். என் எதிர் மேசையில் இருந்தவர் இப்போது இன்சூரன்ஸ் ஏஜென்ட். இருக்கிற நாங்கள் எழுதவும் வேண்டும், வீடியோ எடுக்கவும் வேண்டும், அதற்குப் பின்னணிக் குரலும் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இன்னும் சிலரை அனுப்பப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பும், அப்போதெல்லாம் எல்லோரும் சீக்கிரம் அலுவலகம் வருவோம். உறவுக்காரர்களுக்கு என்னைப் பார்த்தால் ஒரே ஒரு வேலைதான் ஞாபகம் வரும், பேரனுடைய மாறுவேடப் போட்டிப் படத்தைப் பேப்பரில் போட வேண்டும். நான் களைத்துப் போயிருந்தேன். நான் களைத்துப்போன இடத்துக்கே என் பெண்ணும் வர வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

கடைசியில் ஒருநாள் அவளே விட்டுக்கொடுத்தாள். "செரிம்மா. நீ சொல்ற பி.காம்.முக்கே அப்ளிகேஷன் போட்டுடு. நான் படிச்சுக்கறேன்." சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். பால் காய்ச்சிக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தபோது அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் நிம்மதியாகப் பாலை இறக்கி வைத்தேன், அவ்வளவுதான்.

இது நடந்து கொஞ்ச நாளில் விளம்பரப் பிரிவு மேலாளர் என் மேசைக்கு வந்தார். ரொம்பத் தன்மையான மனிதர். அவர் அப்படித் தன்மையாக வந்து நின்றாலே எனக்கு ஒரு வேலை வந்துவிட்டது என்று அர்த்தம்.

"மேடம், இந்த வருசம் நம்ம பேப்பர் நடத்தற வழிகாட்டி நிகழ்ச்சியில ஜர்னலிசம், மாஸ் கம்யூனிகேஷனுக்கும் ஒரு பேச்சு வெக்கோணுமுங்க."

"எதுக்குங்க? யாரு கேட்டாங்க?"

"ஒரு காலேஜ்ல புதுசா ஆரம்பிச்சிருக்காங்க. ஸ்டால் எடுத்திருக்காங்க, கடைசிப் பக்க விளம்பரமும் குடுத்திருக்காங்க. நம்ம ஆளே ஒருத்தர் பேசினா நெம்ப நல்லா இருக்குமுங்க. இருபதே நிமிசம்."

முடியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு எப்போதோ போய்விட்டது. இன்னொன்றும் கேட்டார். மண்டபத்தில் பை கொடுக்க, மைக் கொண்டுபோய்க் கொடுக்க ஊழியர்களின் பிள்ளைகள் யாராவது வந்தால் நன்றாக இருக்கும் என்றார். விடுமுறையில் வீட்டில் சும்மா இருக்கிறாளே என்று என் மகள் பெயரைச் சொன்னேன்.

நிகழ்ச்சி அவிநாசி ரோட்டில் ஒரு ஏசி கல்யாண மண்டபத்தில். மணமக்கள் உட்காரும் இடத்தில் பேனர், பந்தி போடும் இடத்தில் கல்லூரிகளின் ஸ்டால்கள். காலையில் பொறியியல் கலந்தாய்வு பற்றிய பேச்சுக்கு நிற்க இடமில்லை, ஜன்னல் திட்டில்கூட அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னுடையது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, துணை மருத்துவப் படிப்புகளுக்கும் சி.ஏ.வுக்கும் நடுவில். முன்னதைக் கேட்டவர்கள் வெயிலுக்குப் பயந்து எழுந்து போகவில்லை. பின்னதைக் கேட்க வந்தவர்கள் இடம் பிடிக்க முன்கூட்டியே வந்துவிட்டார்கள். அதனால் எனக்கும் நல்ல கூட்டம். பாதிப் பேர் தூங்கினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, எனக்கும் தூக்கம்தான் வந்தது.

முதல் வரிசையில் அந்தக் கல்லூரியின் தாளாளர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். அவருக்குப் பக்கத்தில் விளம்பர மேலாளர். நான் பேசினேன். ஊடகம் வளர்ந்துவிட்டது, ஒவ்வொரு கையிலும் ஒரு போன், ஒவ்வொரு போனிலும் ஒரு சேனல், கம்பெனிகளுக்கெல்லாம் எழுத ஆள் வேண்டும், மொழி தெரிந்தவனுக்கு என்றைக்கும் சோறு உண்டு. பேச்சைக் கேட்ட யாரும் எனக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருப்பதாகச் சொல்லமாட்டார்கள். நன்றாகவே பேசினேன். வருடக்கணக்கில் எந்தப் படிப்பைக் கொடுத்தாலும் புகழ்ந்து எழுதிய கை, அது பாட்டுக்கு ஓடியது.

கேள்வி நேரம் வந்தது. யாரும் கை தூக்கவில்லை. இறங்கப் போனபோது பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். என் மகள் மைக்கை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அவருக்கு மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை, அவளே அவர் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க அம்மணி, ஒரு சந்தேகமுங்க. நமக்குக் காரமடைப் பக்கமுங்க. கறிவேப்பிலை போட்டிருக்கறோம். பாப்பாவுக்கு நர்சிங்ல எடம் கெடச்சிருக்குதுங்க. அது வேண்டாம், இந்தப் படிப்புத்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்குது. நீங்க சொன்னதெல்லாம் செரிங்க. உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க."

"பாப்பா என்னங்க படிக்குது?"

"பிளஸ் டூ முடிச்சிருக்குதுங்க."

"அப்ப ஒண்ணு கேக்கறனுங்க, தப்பா நெனைக்காதீங்க. உங்க பாப்பாவை இதுல சேத்துவீங்களா?"

தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட விழித்துக்கொண்டார்கள். இத்தனை வருடம் இந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்பதைப் பார்த்துச் சிரித்தவள் நான். எல்லாவற்றுக்கும் தயாராக வந்தேன், இதற்கு மட்டும் தயாராக வரவில்லை. இதழியலைப் பற்றி யாரும் இதுவரை மேடையில் பேசியதே இல்லை, அதனால் யாரும் கேட்டதும் இல்லை. என் மகள் மைக்கைக் கீழே இறக்காமல் அப்படியே நின்றாள். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளாளரும் பார்த்தார். ஆமாம் என்று சொல்லுங்கள் என்பதுபோல் மேலாளர் லேசாகத் தலையை ஆட்டினார்.

"சேத்துவேனுங்க," என்றேன். அது போதாது என்று தோன்றியது. "இந்த வருசமே சேத்தறனுங்க."

மேலாளர்தான் முதலில் கை தட்டினார். காரமடைக்காரர் தலைக்கு மேல் கை கூப்பினார். அவருக்குப் பக்கத்தில் நீளமாகப் பின்னலிட்ட ஒல்லியான பெண் ஒன்று, இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. என் மகள் மைக்கை அணைத்து மேடையோரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"கலக்கிட்டீங்க மேடம். பேச்சைவிட அந்த ஒரு பதில்தானுங்க," என்றார் மேலாளர். அப்பாவும் பெண்ணும் நேராக அந்தக் கல்லூரி ஸ்டாலுக்குப் போனதை நானும் பார்த்தேன். தாளாளரே எழுந்து நாற்காலி போட்டார். என் மகள் அங்கே போய் அந்தப் பெண்ணோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். இருவரும் போனை எடுத்து எண்களைக் குறித்துக்கொண்டார்கள்.

ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன். பாலத்துக்கு அடியில் சிக்னலில் நின்றபோது நானே ஆரம்பித்தேன்.

"மேடையில அப்படித்தான் சொல்ல முடியும் கண்ணு. அந்தக் காலேஜ்காரங்க முன்னாடியே உக்காந்திருக்காங்க."

"தெரியுதும்மா."

"உனக்கு பி.காம்.தான். அதுல ஒரு மாத்தமும் இல்ல."

"அதுவும் தெரியும்."

வீட்டுக்கு வந்து துப்பட்டாவைக் கொடியில் போட்ட பிறகுதான் சொன்னாள். "அந்தப் புள்ளையோட அப்பா ஒத்துக்கவே இல்லையாம். இன்னைக்கு நர்சிங்குக்கு ஏதோ விசாரிக்கத்தான் கூட்டிட்டு வந்தாராம். நீ சொன்ன பொறவுதான் மனசு மாறிட்டாராம். வெள்ளிக்கிழமை ஃபீஸ் கட்டறாங்களாம். நர்சிங்கை விட்டுடறாங்க."

நான் கைப்பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கழுவப் போட்டேன். நர்சிங் என்றால் படித்து முடித்த மறுமாதம் வேலை. வெளிநாடுகூடப் போகலாம். இதை என் மலரில் நானே எழுதியிருக்கிறேன், அரைப் பக்கம்.

"அது அவங்க முடிவு. நான் யாரையும் புடிச்சு இழுக்கல."

"நீ இழுக்கலம்மா. நீ என்னை வெச்சு இழுத்தே."

கோபம் வந்தது. இந்த வீட்டுக் கடனும் ஸ்கூல் ஃபீஸும் எந்தப் பேச்சால் கட்டப்பட்டன என்று கேட்டேன். நாளைக்கே என்னை அனுப்பிவிட்டால் உன் பி.காம்.முக்கு யார் கட்டுவார்கள் என்று கேட்டேன். அவள் அந்தப் பெண்ணுடைய அப்பாவின் எண்ணை என் போனுக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அவரைக் கூப்பிட்டேன். மேடையில் பேசிய அம்மா என்றதும் அவருக்கு ஒரே சந்தோஷம்.

"சொல்லுங்க அம்மணி. ஊட்டுக்கு வந்துபோட்டீங்களா? சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டாச்சுங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. இந்த வேலையில நெறையக் கஷ்டம் இருக்குதுங்க. நேரங்காலம் கெடையாது. தீவாளி, பொங்கல் ஊட்டுல இருக்க முடியாது. எப்ப வேலை போகும்னு தெரியாது. சம்பளமும் அப்படியொண்ணும் இல்லீங்க. நர்சிங் கெடச்சிருக்குதுன்னா அது நல்ல படிப்புங்க."

ஒன்று விடாமல் சொன்னேன். மேடையில் சொல்லாத அத்தனையும் சொன்னேன். மறுமுனையில் அவர் "ஆமாங்க, ஆமாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இடையில் யாரிடமோ மோட்டாரை நிறுத்தச் சொன்னார். நான் முடித்ததும் சிரித்தார்.

"கஷ்டமில்லாத வேலை ஏதுங்க? இந்தக் கறிவேப்பிலையில இல்லாத கஷ்டமா? அதை உடுங்க. உங்க பாப்பா சேருதுதானுங்களே?"

இதோ, ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். இல்லீங்க, என் பெண்ணை பி.காம்.மில் சேர்க்கிறேன். நான் அடுக்கிய கஷ்டங்களில் ஒன்றும் அவருக்குக் கணக்கில்லை, இது மட்டும்தான் கணக்கு. ஆனால் சொன்னால் அவர் அந்தக் கல்லூரியில் போய்ச் சொல்வார், தாளாளர் மேலாளரிடம் கேட்பார், மேலாளர் தன்மையாக என் மேசைக்கு வந்து நிற்பார். பயம்தான், அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை.

"ஆமாங்க," என்றேன்.

"அது போதுமுங்க," என்று வைத்துவிட்டார்.

என் மகள் என் கையிலிருந்த போனை வாங்கி மேசையில் வைத்தாள். பிறகு, "அப்ப என்னை அங்கயே சேத்தீரும்மா" என்றாள்.

அவள் நினைத்ததைச் சாதிக்கிறாளோ என்று எனக்கு முதலில் சந்தேகம்தான். அப்படியே கேட்டும் விட்டேன். அவள் அழுதுவிட்டாள். அவள் ஆசைப்பட்டது சென்னையில் ஒரு பெரிய கல்லூரி. அதை எப்போதோ விட்டாகிவிட்டது. இது போன மாதம் ஆரம்பித்த துறை, ஒரு கேமராகூட வாங்கியிருக்க மாட்டார்கள், அது அவளுக்கும் தெரியும்.

"எனக்கு இப்ப ஆசையெல்லாம் இல்லம்மா. என் பேரைச் சொல்லி ஒரு பொய். அதை நம்பி ஒருத்தி போறா. நானும் போயிட்டா அது பொய்யில்லைன்னு ஆயிருமில்ல?"

"வேணும்னா மறுபடியும் கூப்பிட்டுச் சொல்லிடறேன். தப்பா சொல்லிட்டேன்னு."

"திருத்தம் போட்டா யாரு படிக்கிறாங்கன்னு நீதானேம்மா சொல்லுவே."

அதைச் சொன்னது நான்தான். முதல் பக்கத்தில் தப்பாகப் போட்டதை எட்டாம் பக்கத்தில் தம்மாத்துண்டு எழுத்தில் திருத்துவோம், அதைப் பற்றி வீட்டில் கிண்டலாகப் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அவள் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த ஒரு வாரமும் நான் எத்தனையோ விதமாகப் பேசிப் பார்த்தேன். அவள் அப்பா ஒருநாள் டிவியை அணைத்துவிட்டு, "பாப்பா சொல்றதுல என்னங்க தப்பு?" என்று கேட்டார். இவ்வளவு நாள் பேசாதவர் அன்றைக்குப் பேசியிருக்கவே வேண்டாம். இந்த வயதில் இந்தப் பெண்ணுக்கு இருக்கும் சொரணை எனக்கு எப்போது போனது என்று யோசித்துப் பார்த்தேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருநாளில் போயிருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிருக்கும், தலைமுடி மாதிரி.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பீளமேட்டிலிருந்து உள்ளே போகும் ரோட்டில், பழைய மில் இருந்த இடத்தில் கட்டிய கல்லூரி. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, பெயிண்ட் வாசனை. சேர்க்கை அலுவலகத்தின் முன்னால் வரிசையாக நாற்காலிகள். கடைசி நாற்காலியில் காரமடைக்காரர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அந்தப் பெண். அவர் மடியில் ஒரு மஞ்சள் பை. காலுக்கடியில் வாழை இலையில் சுற்றிய கறிவேப்பிலைக் கட்டு.

எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். என்னைப் பார்க்கவில்லை, என் மகளைத்தான் பார்த்தார்.

"இதுதானுங்களா உங்க பாப்பா? அட, அன்னைக்கு மைக்குக் குடுத்த புள்ளை. செரி, செரி." பெரிய மூச்சாக விட்டார். "காலையில கதவு தொறந்ததுல இருந்து உக்காந்திருக்கறனுங்க அம்மணி."

"ஏனுங்க, கூட்டமா?"

"கூட்டம் ஒண்ணுமில்லீங்க. நீங்க வர்றீங்களான்னு பாத்துட்டுத்தான் கட்டறதுன்னு இருந்தேன்." வெட்கமாகச் சிரித்தார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. போன்ல அவ்வளவு கஷ்டத்தையும் சொன்னீங்களா, எனக்கு ஒரு சம்சயம் வந்துபோச்சு. நர்சிங்குக்கும் இன்னைக்குத்தானுங்க கடைசி. அதுக்குத்தான் வாடகைக் காரை வெளியில நிக்க வெச்சிருக்கறேன். மத்தியானம் வரைக்கும் பாக்கலாம், நீங்க வல்லீன்னா நேரா அங்க போயிரலாம்னு."

நாங்கள் வராமல் இருந்திருந்தால் போதும். வேறு எதுவுமே செய்திருக்க வேண்டாம். இன்னும் ஒரு மணி நேரம் நான் அலுவலகத்தில் உட்கார்ந்து ஏதாவது ஒரு படிப்பைப் புகழ்ந்து எழுதிக்கொண்டிருந்தால், இந்தப் பெண் அந்தக் காரில் ஏறி நர்சிங்குக்குப் போயிருக்கும். நான் சொன்ன பொய்யை என் மகள் நிஜமாக்க வந்தாள், அதனாலேயே அது பலித்துவிட்டது. என் மகள் என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, சொல்லும்மா. இப்பவாவது சொல்லும்மா."

அவர் மஞ்சள் பையைப் பிரித்துக்கொண்டே பணம் கட்டும் இடத்துக்கு நடந்தார்.

"ஏனுங்க," என்றேன். திரும்பினார். "அன்னைக்கு மேடையில நான் சொன்னது பொய்யுங்க. இவளை பி.காம்.ல சேத்தறதாத்தான் இருந்தோம். காலேஜ்காரங்க முன்னாடி இருந்ததுனால அப்படிச் சொல்லிப்போட்டேன். இந்தப் படிப்பு வேண்டாமுங்க. நீங்க நர்சிங்குக்கே போயிருங்க."

சொல்லிவிட்டேன். நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், கண்ணாடிக்கு உள்ளே இருந்த பெண்ணும் தலையைத் தூக்கினாள். வேலை போனால் போகட்டும் என்று அந்த நிமிடம் நிஜமாகவே நினைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த சான்றிதழ் ஃபைலைப் பார்த்தார். ஒல்லியான அந்தப் பெண் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னுங்க அம்மணி," என்றார், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி. "எடம் ஏதும் கம்மியா இருக்குதுங்களா? எங்க புள்ளை வந்தா உங்க புள்ளைக்குக் கெடைக்காதுன்னு பாக்கறீங்களா?"

"இல்லீங்க. நெசமாத்தான் சொல்றேன். அது பொய்யுங்க."

"பொய்யின்னா பாப்பாவை எதுக்குங்க இங்க கூட்டியாந்தீங்க?"

அவர் சிரித்துக்கொண்டே போய்ப் பணம் கட்டும் வரிசையில் நின்றார். அவருக்குப் பின்னால் நாங்கள் நின்றோம்.